அட்டை போட்டவள்

அம்மாவின் போன் டிங்கென்றபோது அவள் கண்ணாடி முன்னால் நின்று, ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஜடையின் கடைசிப் பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மாலை ஷிப்டு முடிந்து, ஊரடங்கிய பிறகு வந்து படுத்தவள். மருந்தும் சலவைப் பொடியும் கலந்த ஈர வாடை அறை முழுக்க நின்றது.

அவள் எட்டிப் போனை எடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து மெசேஜ்.

'உங்கள் மகள் நூலகத்துக்குள் வந்துள்ளார்.'

மறுபடி படித்தாள். பள்ளிக்கூடத்து கேட்டையே இந்நேரம் திறந்திருக்க மாட்டார்கள்.

"உள்ள போயிட்டாளா?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"ம். போயிட்டா," என்றாள் அவள், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னோம் என்று உறைத்தது. அம்மா நீளமாக மூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன. மறுபடி தூங்கிப்போனாள்.

அவள் மெசேஜை அழித்தாள்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டை, நாடா அழுக்கேறித் தொங்கியது. அவளுடைய ஆணி காலி. இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஐடி கார்டு கட்டாயம் என்று வந்ததும் அம்மாதான் அந்த இரண்டாவது ஆணியை அடித்தாள். ஒருவர் வரும்போது மற்றவர் தூங்குகிற வீடு. "பாதி நாள் உன் மூஞ்சிய இந்தக் கார்டுலதான் பார்க்குறேன்," என்று சிரித்தாள் அன்றைக்கு. கேட்டிலும் நூலக வாசலிலும் இருக்கிற மெஷினில் அட்டையைக் காட்டினால் அம்மாவுக்கு மெசேஜ் போகும். உள்ளே வந்தாள், வெளியே போனாள். அந்த இரண்டு மெசேஜுக்கு நடுவில்தான் அம்மாவுக்கு நிம்மதி.

நேற்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்பு. டெஸ்ட், டியூஷன், மறுபடி டெஸ்ட் என்று கண்ணுக்குப் பின்னால் மணல் கொட்டிய மாதிரி ஒரு அலுப்பு. வகுப்பில் எல்லாரும் செய்வதுதான்: வர முடியாதவள் அட்டையைத் தோழியிடம் கொடுத்துவிடுவாள். தோழி காலையில் அதையும் சேர்த்துக் காட்டுவாள், சாயங்காலமும் காட்டுவாள். மெஷின் வந்த பிறகு பெயர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுப்பதே நின்றுபோயிருந்தது. அட்டை வந்தால் ஆள் வந்த மாதிரி.

அதனால் நேற்று அவள் தோழி வாயாடியிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். அம்மா எழுந்து, குளித்து, வேலைக்குக் கிளம்பும்வரை இருமக்கூட இல்லை. தான் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

வெளியே போன மெசேஜ் மட்டும் நேற்று வரவே இல்லை.

*

"நெட்டை, கார்டு எங்க?" என்றார் கேட்டில் வாட்ச்மேன் அண்ணன். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்வை நேராகக் கழுத்துக்குப் போகும்.

"உள்ள கிளாஸ்ல இருக்குண்ணே. மறந்துட்டேன்."

அவர் கணினியில் எதையோ தட்டினார். கொட்டாவி விட்டார். "நீ உள்ளதான் இருக்கன்னு காட்டுது."

"நான் இங்கதானண்ணே நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே." இழுப்பறையிலிருந்து வெள்ளை நாடா கட்டிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். 'விசிட்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "இதப் போட்டுக்க. சாயங்காலம் திருப்பிக் குடு. தொலைச்ச, என் தலைய உருட்டுவாங்க."

வாயாடி மாடிப்படியில் உட்கார்ந்து யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நாடாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். "வாங்க மேடம். எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?"

"என் கார்டு எங்கடி?"

"உன் டெஸ்குக்குள்ளதான். நேத்து மத்தியானமே எனக்கு வயித்து வலின்னு அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாருடி. அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்."

"காலைல லைப்ரரில நீதான காட்டுன?"

"நானா? லைப்ரரியா?" வாயாடி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அந்தப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்க மாட்டேனே."

டெஸ்கில் அட்டை இல்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ ராத்திரி முழுக்க அதன்மேல் முகம் கவிழ்த்துத் தூங்கி, இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. மூலையில் ஒரு நீளத் தலைமுடி. அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"நேத்து நல்லா தூங்குன போல," என்றாள் பின் பெஞ்சுக்காரி.

"நான் நேத்து வரவே இல்ல."

"யாருகிட்ட கதை விடுற? மத்தியானத்துக்கு மேல ஒரே தூக்கம். தலைய கவுத்துட்டு. நாங்கூட எழுப்பலாம்னு பார்த்தேன். மிஸ்ஸுதான், விடு பாவம், தூங்கட்டும்னாங்க."

"மூஞ்சியப் பார்த்தியா?"

"கவுந்திருந்தா எப்படிப் பார்க்குறது? கார்டு தொங்குச்சே."

கணக்கு மிஸ் உள்ளே வந்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மேஜையில் இருந்த திரையை மட்டும் பார்த்து, "எல்லாரும் இருக்கீங்க," என்றார். பிறகு வெள்ளை நாடா கண்ணில் பட்டது. "யாரு அது? விசிட்டர் எல்லாம் ஆபீஸ் ரூம்ல உட்காரணும்மா."

"மிஸ், நான்தான் மிஸ். கார்டு தொலைஞ்சிருச்சு."

மிஸ் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். யோசிக்கத் தெம்பில்லாதவர் போலக் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப கார்டு கிடைச்சதும் வா. அதுவரைக்கும் வெளில நில்லு. ரூல்ஸ்னா ரூல்ஸ்."

அவள் நாள் முழுக்க வராந்தாவில் நின்றாள். ஒவ்வொரு பீரியடுக்கும் ஒருவர் வந்தார், ஒருவர் போனார், எல்லார் பார்வையும் அந்த வெள்ளை நாடாவில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. சாயங்காலம் ஆனபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. கால் வலித்தது. எங்கேயாவது தலை சாய்த்தால் போதும் என்றிருந்தது.

*

கடைசி மணி அடித்ததும் வாயாடி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அட்டையைத் தேடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவள் மட்டும் நின்றாள். இன்றைக்கு அம்மாவுக்கு வார லீவு, வீட்டில் இருப்பாள். வெளியே போன மெசேஜ் இரண்டாவது நாளும் வராவிட்டால் கேட்பாள். கேட்டால் நேற்றைய பொய்யும் தெரிந்துவிடும். அம்மா திட்ட மாட்டாள். இனிமேல் எந்த டிங் சத்தத்தையும் நம்பித் தூங்க மாட்டாள். அதுதான் தாங்காது.

பெருக்குகிற அக்கா கீழ்த்தளத்தை முடித்துவிட்டு வாளியோடு போய்விட்டிருந்தார். மாடி வராந்தாவில் ஃபினாயில் வாடையும், நாளெல்லாம் அடைந்து கிடந்த வேர்வை வாடையும், அதற்கும் அடியில் மழையில் நனைந்து காயாத துணி மாதிரி ஒன்றும் சேர்ந்து நின்றன. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, எதிர்ச்சுவரில் ஏறி, வெளிச்சம் குறையக் குறைய எது கம்பி எது இருட்டு என்று தெரியாமல் ஒன்றோடொன்று குழைந்தது. மின்விசிறி ஒன்றை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள். கடகடவென்று அது சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம்.

டிக். டிக்.

பிளாஸ்டிக் மரத்தில் படுகிற சத்தம். காற்றில் ஆடும் அட்டை டெஸ்கின் விளிம்பில் தட்டுகிற சத்தம்.

அவள் வகுப்பு வாசலில் நின்றாள்.

அவளுடைய இடத்தில் ஒருத்தி இருந்தாள். கைகளை மடக்கி, அதன்மேல் முகம் கவிழ்த்து. ஜடை தோளில் சரிந்திருந்தது. கடைசிப் பின்னல் வரை இறுக்கமாக. கறுப்பு ரப்பர் பேண்ட். கழுத்தைச் சுற்றி நீல நாடா, அதன் முனையில் அட்டை.

டிக். டிக்.

"அது என் கார்டு," என்றாள். மறுபடி சொன்னாள். "அது என்னுது. குடு."

முதுகு ஏறி இறங்கியது. மூச்சு. தலை அசையவில்லை. முடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தினமும் காலையில் போர்வைக்குள்ளிருந்து அம்மாவுக்குச் சொல்கிற அதே குரல், அதே இழுவை.

"அஞ்சு நிமிஷம்மா. அலுப்பா இருக்கு."

அவள் ஓடினாள்.

படி. வளைவு. படி. பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம். அவசரமில்லாத சத்தம். கேட்டில் யாரும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். சின்னக் கதவு திறந்திருந்தது. தெருவுக்கு வந்து, முக்கு திரும்பி, மருந்துக் கடை வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

*

வீட்டில் விளக்குப் போடவில்லை. அம்மா நாற்காலியில் தலை சாய்த்து, மடியில் போனோடு அரைத்தூக்கத்தில் இருந்தாள். அவள் சத்தமில்லாமல் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். முதலிலிருந்து. அம்மா எழுந்ததும்.

டிங்.

அம்மா விழித்தாள். போன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. படித்தாள். நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த முகத்தில் அவிழ்ந்தது.

"அப்பாடா. கிளம்பிட்டா."

"அம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அந்தப் பார்வை முகத்தில் தொடங்கி, நிற்காமல், கழுத்துக்கு இறங்கியது. அங்கே நின்றது.

வெள்ளை நாடா. திருப்பிக் கொடுக்க மறந்த நாடா.

"வாம்மா. எப்ப வந்த? நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்," என்றாள் அம்மா, அக்கம்பக்கத்தாரிடம் பேசுகிற குரலில். "அவளோட பிரண்டா? இப்ப வந்துருவா, உட்காரு. டீ போடட்டுமா?"

"அம்மா, நான்தாம்மா." நாடாவைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. தலை வழியாகவும் வரவில்லை. "என்னைப் பாரும்மா. மூஞ்சியப் பாரு."

"எல்லாம் என்னை அம்மான்னுதான் கூப்பிடுறீங்க, நல்லாத்தான் இருக்கு," என்று சிரித்துக்கொண்டே அம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம். முணுமுணுத்த பாட்டு. நேற்று கேட்ட அதே பாட்டு.

படியில் செருப்புச் சத்தம். அவசரமில்லாமல்.

"திறக்காதம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

அது தலை குனிந்தே உள்ளே வந்தது. ஜடை முன்னால் விழுந்து முகத்தை மூடியிருந்தது. நீல நாடாவைக் கழற்றி, இருட்டிலும் தடவாமல், அந்தக் காலி ஆணியில் மாட்டியது. பிறகு கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து அமர்ந்த அம்மாவின் மடியில் அப்படியே கவிழ்ந்தது.

"ரொம்ப அலுப்பா கண்ணு?"

"அஞ்சு நிமிஷம்மா."

அம்மா அதன் முடியைக் கோதினாள். முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. கோதிய விரல்களில் ஈரம் ஒட்டி, கறுப்பாக மணிக்கட்டுவரை வழிந்தது. அம்மா கோதிக்கொண்டே இருந்தாள்.

சுவரில் அட்டை மெல்ல ஆடி, சுற்றி, அவள் பக்கம் திரும்பி நின்றது. அவள் பெயர் இருந்தது. அவள் வகுப்பு இருந்தது. போட்டோவில் முகம் இல்லை. மடக்கிய கைகளின்மேல் கவிழ்ந்த தலை மட்டும்.

அம்மா நிமிர்ந்து, எதிர் நாற்காலியைப் பார்த்தாள். பிள்ளை வீடு வந்து சேர்ந்த அம்மாவின் அலுத்த, நிம்மதியான சிரிப்பு.

"இருட்டிருச்சேம்மா," என்றாள். "உன்னை வீட்ல தேட மாட்டாங்களா?"