இரண்டாவது காபி யாருக்கு?

பெங்களூரு வைட்ஃபீல்ட் முழுவதையும் ஒரே மூச்சில் கழுவித் தள்ளிவிடுவது என்று மழை முடிவு செய்திருந்த மாலை அது. மெட்ரோ ஸ்டேஷனுக்குள் ஓடிவந்தவன், சோஃபியாவின் கிரெடிட் கார்டு மேசையில் தடாலென்று மோதினான். விண்ணப்பங்கள் பறந்தன. அவன் குடை ஒரு குளத்தையே அவற்றின் மேல் கவிழ்த்தது.

"கண்ணை எந்த ஊர்ல விட்டுட்டு வந்தீங்க?"

நிமிர்ந்து முறைத்தாள். அந்தக் கண்கள்... ஆஹா, வெளியே டிராஃபிக் மொத்தமும் நின்றுவிட்டது! வைட்ஃபீல்டில் அது எப்போதும் நிற்பதுதான். ஆனால் இன்று காரணத்தோடு நின்றது.

"சாரிங்க... எனக்கு ஒரு கார்டு வேணும்."

சோஃபியா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்குள் இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம்! இல்லையென்றால் நாளை முதல் இந்த மேசையில் வேறு பெண். டீம் லீடர் டிரேவர் காலையிலேயே எதிர்க்கடை வரை கேட்கும்படி சொல்லிவிட்டார். மணி நாலரை. தினமும் நாலு பத்துக்கு எதிர்க்கடையிலிருந்து இலவசமாக வரும் காபிகூட இன்று வரவில்லை.

"பேரு?"

"ஆராவமுதன்."

"ஃபார்ம்ல அவ்ளோ கட்டம் இல்லீங்க." சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள். "எதுக்கெல்லாம் செலவு பண்றீங்க, காட்டுங்க. அதைப் பார்த்துத்தான் கார்டு."

ஏனோ தயங்கித்தான் போனைக் கொடுத்தான். மெட்ரோ... மெஸ்... மறுபடி மெட்ரோ. பெட்ரோல் இல்லை. ஆன்லைனில் வாங்கியது ஒரே ஒரு குடை!

அவள் விற்கும் கார்டு பெட்ரோலுக்கும் ஆன்லைன் சாமானுக்கும்தான் காசு திருப்பித் தரும். இவனுக்கு வருடத்துக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. கட்டணமோ ஆயிரம்.

'வாயை மூடு சோஃபி... கையெழுத்து வாங்கு!' நாலு நாற்பது.

"இது உங்களுக்கு வேணாம் சார்," என்றாள் அவள் வாய்.

"பரவால்லைங்க, போடறேன். உங்களுக்கு ஒண்ணு குறையுதாமே..."

சுருக்கென்றது. "யாரு சொன்னா? பாவம் பார்த்துப் போடற கையெழுத்து எனக்கு வேணாம்!"

போனை நீட்டும்போதுதான் கண்ணில் பட்டது. சண்முகம் காபிக் கடை, நாற்பது ரூபாய். நேற்றும். முந்தாநாளும். ஒரு மாதமாக, மாலை நாலு மணிக்கு! அங்கே ஒரு காபி இருபது ரூபாய்...

"தினம் ரெண்டு காபியா? வீட்டம்மாவும் கூட வருவாங்களோ?" பழகிப் பத்தே நிமிடம். இதையெல்லாம் ஏன் கேட்கிறாள்?

"ஐயோ, கல்யாணமே ஆகலைங்க."

"அப்ப ரெண்டாவது யாருக்கு?"

அவன் காது மடல்கள் சிக்னல் விளக்காகச் சிவந்தன. அப்போது சண்முகம் டம்ளரோடு வந்து நின்றார்.

"லேட்டாயிடுச்சு மேடம். இன்னைக்கு தம்பி வரலையேன்னு நானே..." அவனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சோஃபியா டம்ளரை வாங்காமல் சண்முகத்தைப் பார்த்தாள்.

"கடையோட இலவசம்னு சொன்னீங்களே, அண்ணா?"

"போன மாசம்," என்றான் ஆராவமுதன், "ஒரு பெரியவர்கிட்ட, 'இந்தக் கார்டு உங்களுக்கு நஷ்டம் ஐயா'ன்னு சொல்லி அனுப்பினீங்க. தற்செயலா காதுல விழுந்துச்சு... அன்னைக்கே நானும் விழுந்துட்டேன். பேசத் தைரியம் வரல. இன்னைக்கு உங்க வேலை போயிடும்னு அண்ணன் போன் பண்ணாரு..."

"அதை விடு தம்பி. ஹொஸ்கோட்டைலருந்து வண்டியில பால் கேன் ஏத்திட்டு வர்றவன் நான். பெட்ரோலுக்கே மாசம் எட்டாயிரம். என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா மேடம்?"

"ஓசியில காபி குடுக்கறவர்கிட்ட எப்படி அண்ணா கேக்கறது..."

"இப்ப ஓசி இல்லையே! எங்க கையெழுத்து போடணும்?"

நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் பறந்தது. டிரேவரிடமிருந்து போனில் ஒரு கட்டைவிரல் படம் வந்து சேர்ந்தது. அப்புறம்தான் சோஃபியா மூச்சே விட்டாள்.

"நாளைலருந்து ரெண்டாவது காபியை அனுப்பாதீங்க."

அவன் முகம் நனைந்த விண்ணப்பமாகச் சுருங்கியது.

"நான் கோலார் தங்கவயல் பொண்ணு, ரோஷக்காரி. நேர்ல கொண்டுவந்து குடுத்தாத்தான் வாங்குவேன்..." குரல் தழைந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... ஆராவமுதன்."

ஒரு கட்டம்கூட விடாமல் முழுப் பெயரையும் சொன்னாள்.