தூளி மடிப்பு

தூளிக்கு நேர் கீழே, சிமெண்ட் தரையில் நான்கு சிறகுகள் கிடந்தன. கண்ணாடித் தாள் போல மெலிதாக. உடலை எங்கும் காணோம்.

அருள்ராணி அவற்றை விரலால் ஒற்றி எடுத்தாள். கைக்குழந்தை பிரவீனோடு பாப்பாரப்பட்டியில் அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். போகும்போது உத்திரத்தில் கட்டிய சேலைத் தூளியை அவிழ்க்க மறந்திருந்தாள். ஆளில்லாமல் அதன் இரண்டு விளிம்புகளும் ஒட்டிக்கொண்டு, மடித்த இலை மாதிரி தொங்கியது. துவைக்கப் பொழுதில்லை. உதறிவிட்டு, தூங்கும் குழந்தையை அதிலேயே கிடத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே மாமரத்தின் கரிந்த கிளை. ஊருக்குப் போகுமுன் முசுறு எறும்பு குழந்தையின் கன்னத்தைக் கடித்ததற்காக, அவள் கணவன் பிரகாஷ் அதிலிருந்த இலைக்கூட்டை எரித்திருந்தான்.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் செல்லி சிறகைப் பார்த்தாள்.

"முசுறு ராணியோடது. சிறகக் கழட்டிப் போட்டுட்டு ஏதாச்சும் மடிப்புல பூந்துக்கும். பட்டினி கெடந்து குஞ்சு பொரிக்கும்."

"கூட்டத்தான் அவரு எரிச்சுட்டாருல்லக்கா."

"ராணி உள்ள இருந்துச்சான்னு கேட்டுட்டா எரிச்சாரு உன் வூட்டுக்காரரு?" செல்லி சிரித்தாள். "அதுங்க இலை தைக்கிறதப் பாத்திருக்கியா? சின்னப் புழுவக் கவ்விக்கிட்டு இங்கயும் அங்கயும் ஆட்டும். நூலு புழு வாயிலருந்துதான் வரும். பெத்த புள்ளதான் ஊசி."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. அடுப்படியில் வெந்நீர் கொதிக்கும் சத்தத்துக்கும் ஓட்டின்மேல் விழும் மழைக்கும் நடுவே, காய்ந்த சருகின்மேல் ஏதோ ஊர்வது போன்ற சரசரப்பு ஒன்று கூடத்திலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. கூடவே, எறும்பை நசுக்கினால் வருமே, அந்தப் புளித்த வாடை.

உத்திரத்தில் தூளி முடிச்சு முனகியது.

அவள் தூளியை ஆட்டவில்லை.

"பிரவீனு?"

கூடத்துக்கு வந்து போன் வெளிச்சத்தில் பார்த்தாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. சின்னதாக. ஒரே சீராக. விளிம்புகள் ஒட்டியிருந்தன. இல்லை, தைத்திருந்தன. வெள்ளையாக.

இரண்டு கையாலும் கிழித்தாள். ஒரு சாண் திறந்தது.

குழந்தை விழித்திருந்தான். அழவில்லை. அவன் பிடரியைக் கவ்விக்கொண்டு சிவப்பாக, நெருக்கமாக, எறும்புகள் அசைந்தன. சேலை மடிப்பில் பச்சையாக, பெரிதாக, சிறகில்லாத எறும்பு ஒன்று, அசையாமல்.

அவன் தலை இந்த விளிம்பைத் தொட்டது. பிறகு அந்த விளிம்பை. கீழுதட்டிலிருந்து ஈரமாய் நூல் நீண்டது.

அவள் கிழித்த இடத்தை அவன் தைத்துக்கொண்டிருந்தான்.