சர்க்கரையைத் தாண்டிப் போன எறும்புகள்

சிந்திய சர்க்கரையை எறும்புகள் தொடவில்லை. தங்கைக்கு முதலில் உறுத்தியது அதுதான். காலையில் தேநீர் போடும் அவசரத்தில் சிதறிய சர்க்கரை சமையல் மேடையில் அப்படியே கிடந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, கறுப்பு நூலை இழுத்துக் கட்டியதுபோல் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்கதவின் அடியில் நுழைந்து, சுவரோரமாக ஏறி, மேடையைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, கூடத்துத் தரையில் நெளிந்து, அக்காவின் அறைக் கதவுக்குக் கீழே மறைந்தது. ஒன்றுகூட இனிப்பின் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

அக்கா போய் ஏழு வாரம் ஆகிறது. அடக்கம் முடிந்து வந்த அன்று சாத்திய கதவை அவள் இன்னும் திறக்கவில்லை.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். தங்கை புத்தகம் தைக்கும் பட்டறைக்குப் போனாள். அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருடமாக அதுதான் ஏற்பாடு. அக்காவுக்கு மூச்சிரைப்பு. எறும்பு மருந்தை வீட்டுக்குள் கொண்டுவரவே விடமாட்டாள். "எறும்பு சாகறதுக்கு முன்னாடி நான் செத்துடுவேன்" என்று சிரிப்பாள். எலுமிச்சைத் தோலால் ஜன்னல் விளிம்பைத் தேய்ப்பாள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சாரை போன தடத்தைத் துடைப்பாள். கதவு நிலையில் சாக்பீஸ் கோடு, அலமாரி மூலையில் கிராம்பு, கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம்.

"முன்னால போனது விட்டுட்டுப் போன வாசனையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பின்னால வர்றது வருது. அதைத் துடைச்சுட்டா வழி மறந்துடும். எதுக்குக் கொல்லணும்?"

தங்கை உதவிக்கு வந்தால் அக்கா துணியைப் பிடுங்கிக்கொள்வாள். "நீ போய்ப் புத்தகத்தைத் தை. இது உனக்கு வராது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடி வீட்டு டீச்சர் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, கீழ ஒரு சத்தத்தையும் காணோம்?"

"எறும்பு வந்திருக்கு டீச்சர். சர்க்கரையைக்கூடத் தொடாம போகுது."

"அதுக்கும் சுகர் வந்திருக்கும். என்னை மாதிரி டாக்டர் திட்டி அனுப்பியிருப்பார்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை நாள் இப்படித் தனியா இருப்பீங்க? மேல வந்து எங்களோட இருங்களேன்."

"இல்ல டீச்சர். வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது."

உண்மையில் அவள் பயந்தது வீட்டுக்காக இல்லை. வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளிருந்து எழும் அந்த அசைவின்மை, போர்வையால் மூடியதுபோல் மூக்கையும் வாயையும் வந்து அடைக்கும். உள்ளே எதுவாவது அசைந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வாள். எலியாக இருந்தாலும் சரி. இந்த வயதில் இன்னும் இருபது வருடம் இப்படியே கழிக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் அவளுடைய பயம்.

டீச்சர் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே வீடு இருண்டது. வினிகர் பாட்டிலைத் தேடி எடுத்து வந்து சாரையின் பக்கத்தில் மண்டியிட்டபோதுதான் தங்கை இன்னொன்றைக் கவனித்தாள். அறைக்குப் போகும் எறும்புகளின் வாயில் சுமை இருந்தது. அறையிலிருந்து திரும்புபவை வெறும் வாயோடு வந்தன.

எறும்பு வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். கொண்டுவந்து வைக்குமா?

பழைய புத்தகங்களின் தையலைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து குனிந்தாள். இரண்டு எறும்புகள் முன்னும் பின்னுமாக ஒரு முடியைத் தூக்கிப் போயின. பாதி நரை, பாதி சாயம். அடுத்ததன் வாயில் ஊதா நிறக் கம்பளி இழை. அதற்கடுத்து நான்கு எறும்புகள் சேர்ந்து பிறை வடிவில் எதையோ சுமந்து வந்தன. நகத்துண்டு.

ஊதாக் கம்பளிச் சட்டை தங்கை பின்னியது. மழை நாள், குளிருமே என்று அதைப் போட்டுவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்கள். மூடுவதற்கு முன், யாரும் பார்க்காதபோது, அக்காவின் உள்ளங்கையில் ஒரு புதினா மிட்டாயை வைத்து விரல்களை மடக்கினாள். நாள் முழுக்க அக்கா வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாய். வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.

கல்லறைத் தோட்டம் தூரத்தில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து, அதைத் தாண்டினால் அதன் மதில்.

அவள் பின்கதவைத் திறந்து பார்த்தாள். சாரை மழையில் நனைந்தபடி சந்தின் குறுக்கே போய், மதிலில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடப்பவளை இப்படியா பிய்த்து இழுத்து வரும் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வெளிச்சுவரை வினிகரால் துடைத்தாள். பின்வாசலைத் துடைத்தாள். எலுமிச்சையைப் பிழிந்து நிலைப்படி முழுக்கத் தேய்த்தாள். சாக்பீஸை அழுத்தி மூன்று கோடு போட்டாள். கிராம்பை நசுக்கிக் கதவிடுக்கில் திணித்தாள். பிறகு உள்ளே நகர்ந்து, மேடை, சுவர், கூடத்துத் தரை என்று துடைத்துக்கொண்டே அறை வாசல்வரை வந்தாள். கண் எரிந்தது. வீடெங்கும் புளிப்பு நெடி, அதனடியில் ஈரமண் வாசனை.

திரும்பிப் பார்த்தாள். பின்வாசலுக்கு வெளியே எறும்புகள் சாக்பீஸ் கோட்டைத் தொட்டுத் தயங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பி, மெல்லக் கலைந்து போயின. சாரை அறுந்துவிட்டது.

அப்போதுதான் அக்காவின் குரல் நினைவுக்கு வந்தது, துணியைப் பிடுங்கும்போதெல்லாம் சொன்னது.

"உள்ளேயிருந்து வெளிய துடைக்கணும்டி. வாசலை முதல்ல அடைச்சா, உள்ள மாட்டினது எங்க போகும்? வேணுங்கறதை வீட்டுக்குள்ளயே தேட ஆரம்பிச்சுடும்."

அறைக்குள் சத்தம் கேட்டது. காய்ந்த இலைகளை யாரோ கையால் அளைவதுபோல். மெல்ல. நிற்காமல்.

கதவைத் திறந்தாள்.

கட்டில் கால்களுக்கு அடியில் கிண்ணங்கள் வறண்டிருந்தன. தண்ணீர் ஊற்ற ஏழு வாரமாக யாரும் இல்லை.

விரிப்பின் மேல் ஏதோ மேடிட்டிருந்தது. முதலில் பாதங்கள். பிறகு முழங்கால். வயிற்றின்மேல் ஒரு கை. விரல் நுனிகளில் நகங்கள், ஒவ்வொன்றும் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டியவை. மார்பில் ஊதாக் கம்பளி, இழை இழையாக. அது ஏறி இறங்கியது.

மூச்சில்லை. எறும்புகளின் நடமாட்டம்.

கழுத்து இருந்தது. தாடை இருந்தது. உதடுகள் இருந்தன. ஒரு காது. நெற்றிக்கு மேல் பாதி நரைத்த கூந்தல். நடுவில் எதுவும் இல்லை. புருவமும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் எறும்புகள் மட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அந்த வடிவத்தைக் காத்து நின்றன. இன்னும் வரவேண்டியதற்காக.

அது இனி வராது. அவள் அடைத்துவிட்டாள்.

தலையணையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. வாசல்வரை வந்தது. வினிகர் ஈரத்தைத் தொட்டது. நின்றது. பிறகு திரும்பியது.

அவள் காலடியை நோக்கி.

கையில் துணி இருந்தது. தன் பாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். கட்டில் கால்களையும் துடைத்துவிட்டால், எல்லாம் உதிர்ந்து குப்பையாகிவிடும். கூட்டி அள்ளிக் கொட்டிவிடலாம். பிறகு இந்த வீட்டில் எதுவும் அசையாது.

கட்டிலின் மேல் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

தங்கை துணியை வாளியில் போட்டாள். வாளியை வெளியே வைத்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே நின்று.

"இரு, நகர்ந்துக்கோ" என்று சொல்லிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கணுக்காலில் குறுகுறுப்பு. முழங்காலில். கழுத்தில். புருவத்தில் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச நேரத்தில் அவள் கை வழியாக ஓர் எறும்பு இறங்கியது. வாயில் அவளுடைய புருவ முடி. தலையணையில் ஏறி, அந்த முகத்தில் அதற்குரிய இடத்தில் நட்டுவிட்டுத் திரும்பியது. பின்னால் அடுத்தது. அதன் பின்னால் இன்னொன்று.

புருவங்கள் முடிந்ததும் நாற்பது ஐம்பது எறும்புகள் ஒன்றாகச் சேர்ந்து அவள் கன்னத்தில் ஏறின. அவசரமே இல்லாமல் இடது கண்ணின் ஓரத்தில் வட்டமாக நின்று, எங்கே பிடித்துத் தூக்குவது என்று மெல்லத் தடவிப் பார்த்தன.