மூன்று மைக்குகள் ஊமையான கதை

சித்தூரில் ருக்மணியின் மைக் ரிப்பேர் கடைக்கு அன்று காலை கங்கையா வந்தார். திருப்பதியில் நாடகக் குழு நடத்துகிறவர். துணியில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று ஒயர்லெஸ் மைக்குகளை மேஜைமேல் வைத்தார். நடிகர்களின் நெற்றியோரம் முடிக்குள் மறைத்து வைக்கிற, மிளகளவு மைக்குகள், முன்பே சிங்கப்பூரிலிருந்து தருவித்தவை. கடந்த இரண்டே வாரத்தில் ஒவ்வொன்றாக மங்கி, மூன்றும் ஊமையாகிவிட்டன.

"சிட்டிபாபு வேலைதான்மா. நல்லதை வித்துட்டு ஓட்டை சரக்கை வச்சிட்டான். குவைத்துக்குப் போறான் இல்ல? சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்."

சிட்டிபாபு குழுவின் மைக் ஆள். போலீஸில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட் வராது. கடையில் வேலை பார்த்த உதயாவுக்கு அது தெரிந்தும், கங்கையா சொன்னதே சரியென்று பட்டது. ஊரைவிட்டே போகிறவனுக்கு என்ன பயம் என்று ருக்மணியிடம் சொல்லவும் செய்தான்.

அவள் ஒரு மைக்கின் ஒயரை விளக்கடியில் பிடித்தாள்.

"ஒயர்ல இந்த ஈயப் பத்தவைப்பு நான் போட்டது உதயா. போன தீபாவளிக்கு. மாத்தி வச்சிருந்தா இது எப்படி இங்க வரும்?"

பிறகு மைக்கின் சல்லடை மூடியைத் தொட்டாள். விரல் ஒட்டியது. வார்னிஷ் பூசினாற்போல் மினுமினுப்பு. உதயா முகர்ந்து பார்த்தான். பூ வாசனை மாதிரி ஏதோ ஒன்று, என்னவென்று பிடிபடவில்லை. ராஜா வேஷக்காரர் கிரண்குமாரின் மைக் மட்டும் கெடவில்லை, அது மார்பில் குத்துவது என்று கங்கையா சொன்னதும் ருக்மணி பையை எடுத்துக்கொண்டு உதயாவோடு கிளம்பினாள்.

மத்தியானம் திருப்பதியில், ஒப்பனை அறையில் எல்லோரையும் உட்கார வைத்தாள். சிட்டிபாபு சுவரோரம் நின்றிருந்தான். மைக்கை எப்போது வைக்கிறாய் என்று மட்டும் அவனிடம் கேட்டாள்.

"முன்னெல்லாம் மேக்கப் ஆனப்புறம் வைப்பேன்க்கா. இப்போ ரெண்டு வாரமா மேக்கப் போட வர்ற சுமித்ராக்கா புத்தலப்பட்டுல இருந்து பஸ்ல வந்து சேர லேட்டாவுது. அதனால மொதல்லயே வச்சிக்கினு இருக்கேன்."

ருக்மணி சுமித்ராவின் ஒப்பனைப் பெட்டியிலிருந்து முடி கலையாமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து, ஒரு காகிதத்தில் அடித்து உதயாவிடம் நீட்டினாள். அதே வாசனை.

"முடியில அடிச்சது மைக்கு மேலயும் படிஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சிடுச்சு. மார்ல இருந்த மைக்குல படலை. யாரும் எதையும் திருடலை."

சுமித்ராவின் முகம் வெளுத்தது. உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே, உன் மேல் தப்பில்லை என்றாள் ருக்மணி. மூடிகளை மட்டும் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துடைத்தாள். மைக்கின்மேல் ஒரு சொட்டும் படவிடவில்லை. நன்றாக உலர்ந்த பின் மாட்டி, சிட்டிபாபுவைப் பேசச் சொன்னாள். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணியது காலி அரங்கின் கடைசி வரிசைவரை கணீரென்று போனது. அவசரப்பட்டுப் பேசியதை நினைத்து உதயாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது.

கங்கையா சிட்டிபாபுவின் அருகே வந்தார். சாப்பிட்டாயா என்றார்.

"காலைல இருந்து ஒண்ணும் துன்னலண்ணா."

ஆளை அனுப்பாமல் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்குச் சாப்பாடு வாங்க ஓட்டலுக்குப் போனார்.