நீலக் கவுனின் தோள்

இடுப்பு கூடும், குறையும். தோள் எலும்பு அப்படியல்ல. ஒரு வயதுக்கு மேல் அது மாறாது. அதனால்தான், விடுமுறைக்கு வந்த வீட்டில் போட்டுக்கொள்ளக் கொடுத்த அந்த நீலக் கவுன் தையல்காரிக்குப் பிடிபடவில்லை. பிரித்த தையலின் ஊசித் துளைகள் துணியிலிருந்து லேசில் மறையாது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் புள்ளி வரிசையாகத் தெரியும். இந்தக் கவுனின் தோளில் அப்படிப் பல வரிசைகள் இருந்தன. குறுக்கி, அகட்டி, மறுபடி குறுக்கித் தைத்திருந்தார்கள். ஆனால் இந்த வீட்டில் பெண் பிள்ளை ஒருத்திதான்: அவளுடைய தோழி.

"லீவுக்கு வந்தும் கடை ஞாபகமா? போட்டுப் பாரு பாப்பா" என்றார் தோழியின் அம்மா.

பாப்பா என்பது தோழியைக் கூப்பிடும் பெயர். அது தன் பக்கம் திரும்பியதில் தையல்காரிக்குள் ரகசியமாக ஏதோ இனித்தது.

இருவருக்கும் ஒரே தையல் கடையில் வேலை. இவள் துணி வெட்டுவாள், தோழி கல்லாவில் இருப்பாள். விடுமுறை வந்தால் இவளுக்கு வாடகை அறையின் சுவர்தான் துணை. இங்கேயோ, அப்பா பழத்தை நறுக்கி முதல் துண்டை மகளுக்கு ஊட்டினார், அண்ணன் அவள் தலையில் குட்டிவிட்டு ஓடினான். இவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். வயிறு எரிந்தது.

"ஒரே தொல்லை. மூச்சு விட முடியல" என்று தோழி நேற்று அலுத்துக்கொண்டாள்.

"உனக்குக் கொழுப்புடி. உன் எடத்துல நான் இருந்தா வாசப்படியே தாண்ட மாட்டேன்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

தோழி அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கவுன் அளவெடுத்தாற்போலப் பொருந்தியது. போன மாதம் தோழி இவளுடைய சட்டையை இரவல் வாங்கிப் போனாள். அதை வைத்துத் தைத்திருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"முதுகுல கொக்கி நிக்கல. ஆடாம நில்லு, நாலு தையல் போட்டுடறேன்" என்றார் அம்மா.

"உடம்புல வெச்சே தைக்கக் கூடாதும்மா, குத்திடும்."

"என் கை குத்தாது."

அந்தி வெளிச்சம் ஜன்னலில் மங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் மூச்சு பிடரியில் பட்டது. அதில் பழைய இரும்பின் வாடை. துணிக்குள் நூல் போனால் சரக்கென்று உலர்ந்த சத்தம் வரும், ஆயிரம் முறை கேட்ட சத்தம் அது. இந்த நூல் அப்படிப் போகவில்லை. மெதுவாக, ஈரத்தில் வழுக்கிப் போனது. மெழுகு பூசிய நூலாக இருக்கலாம் என்று நினைத்தாள். இழுக்கும்போதெல்லாம் தோள்பட்டைகள் தாமாக நெருங்கி வந்தன.

வலிக்கவில்லை.

அம்மா முடிச்சுப் போட்டார். குனிந்து, நூலைப் பல்லால் கடித்தார். உதடு முதுகில் பட்டது. வெறும் முதுகில் படுவதுபோல.

வெளியே தோழி பெட்டியோடு போய்க்கொண்டிருந்தாள். அவள் சட்டையின் பின்கழுத்து தாழ்ந்திருந்தது. முதுகுத்தண்டின் இரு பக்கமும் புள்ளிகள். சிவப்பாக. வரிசையாக. அப்போதுதான் பிரித்த தையல்.

அப்பா வாசலிலிருந்து அவளை எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது, பாப்பாவோட சிநேகிதியா? பாத்துப் போயிட்டு வாம்மா."

அப்போது புரிந்தது. தோள் மாறவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும்.

கையைப் பின்னால் கொண்டுபோய்க் கவுனை இழுத்தாள். தோலும் கூடவே எழுந்தது. துணி எங்கே முடிகிறது? விரல் தேடியது. முடியவே இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். "ஏய்! இதை எப்படிடி கழட்டறது?"

தோழி நின்றாள். திரும்பவில்லை.

"கத்தரி வெச்சிடாதே. நான் வெச்சுப் பாத்துட்டேன், ரத்தம் நிக்காது. அம்மா மட்டும்தான் பிரிப்பாங்க, அதுவும் இன்னொருத்திக்கு அளவு கெடச்ச பிறகுதான். வெறுமனே கூட்டிட்டு வந்தா போதாது. இந்த வீட்டைப் பாத்து வயிறெரியணும். அவ வாயாலயே இந்த எடத்தைக் கேக்கணும்."

பின்னால் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து இவள் தலையில் குட்டினான். அப்பா பழத்துண்டை வாயருகே நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள். கண் மட்டும் மேசைமேல் இருந்த போனைவிட்டு நகரவில்லை. கடையில் பொத்தான் தைக்கும் பெண்ணுக்கும் யாருமில்லை. அவளைத்தான் அழைக்க வேண்டும்.