பன்னிரண்டாவது விதி

பட்டியலில் பதினோரு விதிகள்தான் இருக்க வேண்டும். ஹம்ஸினி திரையில் விரல் வைத்து மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு.

இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ராமச்சந்திராபுரத்து அந்தப் பழைய அலுவலகத்தில் மழை இருட்டும், நனைந்த தரைவிரிப்பின் முடைநாற்றமும், யாரோ அணைக்காமல் விட்டுப்போன ஏசி எங்கோ தூரத்தில் முனகிக்கொண்டிருப்பதும் தவிர வேறொன்றுமில்லை. பள்ளி விடுமுறையென்று கூடவே வந்த எட்டு வயது மகள் ஹர்ஷிதா, பக்கத்துக் கூடத்தில் சற்று முன்புதான் ஒரு கம்ப்யூட்டரைத் தட்டித் திறந்து படம் வரைய உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கில்தான் வரும்.

விதிகளை எழுதியவர் வெங்கடகிருஷ்ணன் சார். பென் டிரைவ் போடக்கூடாது, பத்து நிமிடம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அலுவலகத்தின் இருநூறு கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து உத்தரவு போடும் டெம்ப்ளேட், மனுஷன் தன் கையால் செய்தது. அதன் முன்னால் உட்கார்ந்தபடியே போன மாதம் ஒரு சனிக்கிழமை செத்தும் போனார். திங்கள் காலையில்தான் பார்த்தார்கள். பாவம், அந்த நாற்காலியை மாற்றக்கூட இன்னும் யாரும் அறைக்குள் போகவில்லை.

பன்னிரண்டாவதைத் திறந்தாள். 'உட்கார்ந்தவர் எழக்கூடாது.' நிலை: அமலில். எழுதியவர்: வெங்கடகிருஷ்ணன். இன்று, 1.40.

எவனோ விளையாடுகிறான். சாருடைய லாகினை மூடித் தொலையுங்கள் என்று எத்தனை தடவை கத்தியாயிற்று! கூட வேலை பார்க்கும் கணேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

"டெம்ப்ளேட்ல கை வச்சீங்களா சார்?"

"நக்கோ மேடம், அந்த வம்பே வேணாம்! அதைத் திறக்கவே எனக்குப் பயம். கைக்கு? ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். அவளுடையதைப்போல ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குப் புது விதி போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். புதிதாகத் திறந்தால் உடனே வாங்கிக்கொள்ளும்.

அவசரத்தில் அழித்தாள். அந்த விதியை மட்டுமல்ல, டெம்ப்ளேட்டையே.

அழித்த பிறகுதான் உறைத்தது. ஐயோ. சார் படித்துப் படித்துச் சொன்ன ஒரே விஷயம் அது. டெம்ப்ளேட்டை அழிச்சா விதி போகாதும்மா, இறங்கின இடத்துல ஒட்டிக்கும். முதல்ல 'நீக்கு'ன்னு மாத்தி அனுப்பு. அப்புறம் அழி.

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா, லேவலேகபோதுன்னா."

எழுந்திருக்க முடியவில்லையாம்.

ஓடினாள். அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்கினாள். நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. "நொப்பி அம்மா! நக்கோ!" வலி தாங்காமல் ஹர்ஷிதா வீறிட, இறக்கினாள். நாற்காலியின் இரும்பு ஜில்லென்றிருந்தது. குழந்தையின் தொடையும்.

டெம்ப்ளேட்டின் நகல் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

சார் அறை. கதவு திறந்திருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. நின்றபடியே தட்டினாள். ஒரு விசைகூட அசையவில்லை. நாற்காலி மெத்தை நடுவில் குழிந்து கிடந்தது. வேண்டாம், உட்காராதே என்றது மனசு. கூடத்தில் குழந்தை அலறியது.

உட்கார்ந்தாள். மெத்தை சூடாக இருந்தது.

பன்னிரண்டாவது விதி. நீக்கு. உடனே அனுப்பு.

தடதடவென்று சின்னச் செருப்புகளின் சத்தம். ஹர்ஷிதா ஓடிவந்து அவள் மடியில் முகம் புதைத்தாள். அப்பாடா! ஹம்ஸினி வாய்விட்டு அழுதாள்.

"வெள்தாம் அம்மா." போகலாமென்று கையைப் பிடித்து இழுத்தாள் மகள்.

எழ முயன்றாள். முடியவில்லை. 'நீக்கு' உத்தரவு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போயிருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் போகவில்லை.

"நீ போ, கண்ணா. கேட்ல செக்யூரிட்டி அங்கிள் இருப்பார். ஓடு!"

பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள். விரல்கள் நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தன. திரையில் பதின்மூன்றாவது விதி.

'உள்ளே வந்தவர் வெளியே போகக்கூடாது.'

நிலை: அமலில்.

"அம்மா, தலுப்பு ராவட்லேது." ஹர்ஷிதா இரண்டு கைகளாலும் திறக்க மறுத்த கதவின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஹம்ஸினியின் விரல்கள் பதினான்காவதை அடிக்கத் தொடங்கின.