எட்டு கழித்த வெயில்

காலை ஐந்தரை மணிக்கு நெடுங்கரிசல் ஊரின் தாய்மார்கள் பிள்ளைகளை எழுப்பிப் பல் துலக்க வைத்து, இடது காதுக்குப் பின்னால் உளுந்தளவு புடைத்திருக்கும் மேட்டை ஒருமுறை அழுத்திவிடுவார்கள். அத்தோடு அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு எதுவும் சுடாது. பிறகு தங்கள் காதுக்குப் பின்னாலும் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போவார்கள்.

அந்த மேட்டுக்கு வெக்கைத்திரை என்று பெயர். காது குத்தும்போதே அதையும் பதித்துவிடுவது வழக்கமாகி இரண்டு தலைமுறை ஆயிற்று. உடம்பு வேகும், ஆனால் வேகிற சேதி மூளைக்குப் போகாது. அவ்வளவுதான் அதன் வேலை. வெயில் குறையவில்லை, குறைகிற வழியும் தெரியவில்லை, சுடுவதையாவது நிறுத்துவோம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். இருபத்திரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கரிசல் பூமியில் மனிதர் குடியிருக்க முடிந்தது அதனால்தான். அடுப்பில் கை வெந்தால் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு குறை. அதற்கும் பழகிவிட்டார்கள்.

சூடு தெரியாதவனுக்கு எப்போது வீட்டுக்குள் போக வேண்டும் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்? அதற்காக ஊரின் மேற்குக் கோடியில், பூமிக்குள் இரண்டு ஆள் ஆழத்தில், வானிலை நிலையம் இருந்தது. அங்கிருந்த வானளவி என்ற இயந்திரம் வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் பிசைந்து ஒரே எண்ணாக உருட்டித் தரும். அதுதான் வெயிலெண். காலை ஆறு மணிக்கு அன்றைய வெயிலெண் எல்லோர் காதுக்குள்ளும் ஒலிக்கும். ஐம்பதுக்குக் கீழே என்றால் வேலைவெட்டியைப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டினால் கதவைத் திறக்கக் கூடாது. திறந்து போனவன் மூன்று நான்கு மணி நேரத்தில், தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே விழுந்துவிடுவான். வானளவி பதினான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூடப் பிசகியதில்லை.

செங்கமலம் அந்த நிலையத்துக்கு அதிகாரியாகப் பங்குனி மாதம் வந்து சேர்ந்தாள். சேலத்துக்காரி. முப்பத்தெட்டு வயது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டாள், ஒரு வார்த்தை குறைத்தும் சொல்லமாட்டாள். இப்படிப்பட்டவர்களை நாம் வாயால் புகழ்வோம், வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மட்டும் யோசிப்போம். அவள் கணவன் மாதையன் அதற்கு நேர்மாறு, யாரோடும் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்கிறவன். ஊருக்கு வெளியே பத்தாயிரம் ஏக்கரில் விரிந்து கிடந்த கண்ணாடி வயலில் அவனுக்கு வேலை கிடைத்தது. சூரியத் தகடுகளில் படியும் கரிசல் புழுதியைத் துடைக்கும் எந்திரங்களை மேய்க்கிற வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக, ஊர் மாற்றல் வந்தபோதெல்லாம் முகம் சுளிக்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தவன். அவன் மட்டும் இல்லையென்றால் தன்னோடு பேச இந்த உலகத்தில் ஆளே இருக்காது என்று செங்கமலத்துக்கு நன்றாகத் தெரியும்.

பொறுப்பேற்ற மூன்றாம் நாள் அவள் பழைய பதிவுகளைப் புரட்டினாள். வானளவி சொன்ன எண் ஒன்றாகவும், ஊருக்குச் சொன்ன எண் வேறொன்றாகவும் இருந்தன. தினமும் எட்டு வித்தியாசம். ஓய்வு பெற்றுச் செவ்வாய்க் குடியிருப்புக்குப் போய்விட்ட முந்தைய அதிகாரி, பொறுப்பு ஒப்படைத்த தாளில் ஒரே வரி எழுதியிருந்தார்: எட்டு கூட்டிச் சொல்லவும், ஊர் வழக்கம்.

செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்தர் மரியசெல்வத்தைக் கூப்பிட்டு இது என்ன கூத்து என்று கேட்டாள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நான்கு அதிகாரிகளைப் பார்த்தவர்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் மேடம். ஊரோடு ஒத்துப் போயிருவோம்" என்றார்.

"பொய் சொல்லவா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள் அவள்.

மரியசெல்வம் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மேலதிகாரியிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர் முப்பது வருடச் சர்வீசில் கற்றது. மறுநாளிலிருந்து வானளவி சொன்ன எண்ணே ஊருக்குப் போனது. இனிமேல் ஊருக்கு உண்மை மட்டும்தான் போகும் என்று அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

நடந்த கதை இதுதான். முதலில் இருந்த அதிகாரி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கூட்டிச் சொன்னார். ஐம்பத்தொன்று என்று அவர் சொன்ன நாளில் வெளியே போனவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் அதைக் கவனித்து இரண்டு கழித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஊர் கழிக்கிறது என்று தெரிந்த அடுத்தவர் நான்கு கூட்டினார். ஊர் நான்கு கழித்தது. பிறகு ஆறு, பிறகு எட்டு. கல்யாணப் பத்திரிகையில் ஒன்பது மணி என்று போட்டால் பத்தரைக்குத்தான் வருவார்கள் என்று எட்டு மணி என்று அச்சடிப்பதும், எட்டு என்று அச்சடித்திருந்தால் பத்துக்குப் போனால் போதும் என்று தலை சீவுவதும் நமக்குப் புதிதா என்ன? வெயிலோடும் அதே பேரம்தான். எட்டுக்கு எட்டு சரியாகப் போனதால் பதினான்கு வருடமாக ஒரு சாவு விழவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

மாதையனுக்குக்கூட வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே மேஸ்திரி சுப்புக்காளை சொல்லிக் கொடுத்துவிட்டார். "ஆபீஸ்ல சொல்லுததுல எட்டைத் தள்ளிருங்க தம்பி. மிச்சம்தான் வெயிலு." மாதையன் சிரித்துக்கொண்டான். பெண்டாட்டி காலையில் சொல்லும் எண்ணில் எட்டைத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன் என்று எந்தக் கணவன் வீட்டில் போய்ச் சொல்வான்? அவளும் கூட்டலை நிறுத்தியதை அவனிடம் சொல்லவில்லை. நிலையத்து விஷயம் எதையும் வாசல் தாண்டவிடுவதில்லை என்று சத்தியம் செய்து வேலையில் சேர்ந்தவள்.

பங்குனி முழுவதும் வானளவி நாற்பது, நாற்பத்தொன்று என்றது. ஊர் எட்டைக் கழித்து முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று எடுத்துக்கொண்டு பூரித்துப்போனது. இப்படி ஒரு குளுமையான பங்குனியை ஆயுசில் கண்டதில்லை என்றார்கள். புது அதிகாரியம்மா கால் வைத்த ராசி என்று வீடு தேடி வந்து நுங்கு கொடுத்துவிட்டுப் போனார்கள். செங்கமலம் அதைத் தன் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்தது, கத்திரியும் தொடங்கியது. ஊரில் காக்கைகள் குறைந்தன. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போக மறுத்துச் சுவரோடு சுவராக நின்றன. தெருநாய்கள் சாக்கடைப் பாலத்துக்குள் புகுந்துகொண்டு பகலில் வெளியே வரவில்லை. பாவம், அதுகளுக்கு வெக்கைத்திரை கிடையாது என்று டீக்கடையில் இரக்கப்பட்டார்கள்.

கத்திரியின் ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, சந்தை கூடும் நாள். வழக்கம்போல் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு ஐந்து மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்ட செங்கமலத்துக்கு வானளவி ஐம்பத்துமூன்று என்று காட்டியது. அந்த வருடத்தில் முதல்முறையாக ஐம்பதுக்கு மேல். அவள் அதை இருமுறை சரிபார்த்தாள். ஆறு மணிக்கு, ஒரு வார்த்தையும் விழுங்காமல், வெயிலெண் ஐம்பத்துமூன்று, யாரும் வெளியே வர வேண்டாம் என்று அறிவித்தாள். ஒரு ஊரின் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டாள்.

பத்தே முக்கால் மணிக்குக் கூரைமேல் உள்ள கருவிகளில் புழுதி படிந்திருக்கிறதா என்று பார்க்க நிழற்படக்கருவியைத் திருப்பியபோதுதான் தெருவைப் பார்த்தாள். சந்தை நிரம்பி வழிந்தது. கத்தரிக்காயைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்புப் பிள்ளைக்கு வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெயிலில் எல்லோர் முகமும் செக்கச் செவேலென்று இருந்தது, ஒருவர் முகத்திலும் சுளிப்பு இல்லை.

செங்கமலம் ஒலிவாங்கியைப் பிடித்து ஐம்பத்துமூன்று என்று மறுபடியும் சொன்னாள். மூன்று முறை சொன்னாள். சந்தையில் சிலர் நிலையம் இருந்த திசையைப் பார்த்துச் சிரித்தபடி கையாட்டினார்கள். மேலிடத்திலிருந்து யாரோ ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள், அதற்காக அம்மா ஏட்டுக்குச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள்.

"ஏன் யாரும் போகமாட்டேங்கறாங்க?" என்றாள் அவள்.

மரியசெல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவங்களுக்கு இன்னிக்கு நாப்பத்தஞ்சு மேடம். எட்டைத் தள்ளிட்டாங்க."

அவளுக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்கடுத்த நொடியில் தன் வாழ்நாளின் முதல் பொய்யைச் சொன்னாள். திருத்தம், வெயிலெண் அறுபத்தொன்று. சொல்லி வாய் மூடுவதற்குள் சந்தை கலைந்தது. கூறு கட்டிய காய்கள் கட்டியபடியே கிடக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நிமிடத்தில் தெருவில் ஓர் ஆள் இல்லை.

பிறகுதான் அவளுக்குக் கண்ணாடி வயல் ஞாபகம் வந்தது. அங்கே ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிடும். மேலே சூரியன், கீழே பத்தாயிரம் ஏக்கர் கண்ணாடி. மாதையனின் காதுக்குள் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

பத்தொன்பது பேர் தகடுகளின் நடுவே விழுந்து கிடந்தார்கள். சுப்புக்காளையும் இன்னொருவரும் அங்கேயே இறந்திருந்தார்கள். மாதையனுக்கும் மற்றவர்களுக்கும் உயிர் இருந்தது. மூடிய வண்டியில் போட்டு, அரைமணி தூரத்தில் இருந்த பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செங்கமலத்தால் கூடப் போக முடியவில்லை. ஐம்பதுக்கு மேல் போன நாளில் மறுநாள் எண்ணை எழுதி முத்திரை வைக்காமல் அதிகாரி நிலையத்தைவிட்டு நகரக் கூடாது என்பது சட்டம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல மாவட்ட அலுவலகம் மதியத்துக்கு மேல் விழித்துக்கொண்டு மணிக்கு நான்கு உத்தரவாக அனுப்பியது.

இரண்டே முக்கால் மணிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் டாக்டர் பேசினாள். சின்ன வயதுக் குரல்.

"உள்ளுறுப்பு எதுவும் வேலை செய்யலை. இன்னும் ஒரு மணி நேரம்தான்மா. நினைவு இருக்கு, உங்களைக் கேக்கிறாரு. உடனே கிளம்பி வாங்க."

வண்டி வாசலில் நின்றது. முத்திரையை மேசையில் வைத்துவிட்டு அவள் எழுந்துவிட்டாள். அப்போதுதான் மரியசெல்வம் வந்து, நாளைக்கு என்ன எண் என்று கேட்டார். வானளவி ஐம்பத்துநான்கு என்று காட்டியது. எட்டைக் கூட்டி அறுபத்திரண்டு என்று போடச் சொன்னாள். அவர் தயங்கினார். வீட்டுக்கு வீடு காதுக்குள் வேறு பேச்சு ஓடுகிறது என்றார். அதிகாரியம்மா இன்று நன்றாகப் பயந்துவிட்டார், அதனால் நாளைக்கு இரண்டு மடங்கு கூட்டித்தான் சொல்வார், பதினாறைத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டில் பதினாறு போனால் நாற்பத்தாறு. மறுபடியும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

செங்கமலம் உட்கார்ந்தாள். மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அவர்கள் உள்ளதை உள்ளபடி சொல் என்றார்கள். உள்ளதைச் சொன்னால் ஊரே சாகும் என்றாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு யோசிக்கப் போனார்கள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் என்றுதான் டாக்டர் சொன்னாள். எந்த டாக்டர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்? சொந்தக்காரர்கள் சேலை மாற்றி, பூட்டைத் தேடி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மெதுவாகக் கிளம்புவார்கள் என்று குறைத்துத்தான் சொல்வார்கள். அவள் அப்பாவுக்கும் இன்றைக்குத் தாங்காது என்றார்கள், மூன்று நாள் இருந்தார். ஒரு மணி என்றால் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றரைக்குக் கிளம்பினாலும் நான்குக்குப் போய்விடலாம், முக்கால் மணி நேரம் பக்கத்தில் இருக்கலாம். ஊரில் ஆயிரத்து முந்நூறு பேர் உயிர் இந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று சொன்னால் மாதையன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

மாவட்ட அலுவலகம் திரும்பப் பேசவேயில்லை. மூன்று இருபத்தைந்துக்கு அவளே பதினாறைக் கூட்டி எழுபது என்று எழுதி முத்திரை வைத்தாள். அப்படி ஒரு எண்ணை உலகத்தில் எந்த ஊரும் கேட்டதில்லை. ஊர் அதில் எவ்வளவைத் தள்ளும் என்று அவளுக்குத் தெரியாது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவனிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி நான்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அந்த டாக்டர் நடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. உள்ளே கட்டிலில் மாதையனின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"மூணே முக்காலுக்குப் போயிட்டாரு. கடைசி வரைக்கும் வாசலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றாள் டாக்டர். "நான் ஒரு மணி நேரம்னு சரியாத்தானேம்மா சொன்னேன்?"

செங்கமலம் துணியை விலக்கி அவன் நெற்றியில் கை வைத்தாள். அது இன்னும் சுட்டுக்கொண்டிருந்ததா ஆறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குறைச்சுச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.